சனிக்கிழமை காலை கார்ட்டூன் டிவிடியாக வந்தபோது பழைய சந்தோஷம் திரும்பக் கிடைத்ததா?

கேள்வி: சின்ன வயதில் ஒரு வாரம் விடாமல் பார்த்த கார்ட்டூனை, வளர்ந்த பிறகு டிவிடி வாங்கிப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அன்றைய சந்தோஷம் கிடைத்ததா, இல்லை ஏமாற்றமா?

பாதி கிடைத்தது. அந்தப் பாதியில் எவ்வளவு கார்ட்டூனுடையது, எவ்வளவு என்னுடைய சின்ன வயசுடையது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வசதி இருந்தது. பலருக்கு அது அமையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சொல்வது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அந்தப் பெயரில் இருக்கும், ஆளுக்கொரு பாத்திரமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை விளையாட்டை வைத்து மார்வெல் புரொடக்‌ஷன்ஸும் அந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமும் சேர்ந்து எடுத்த தொடர். அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1983 செப்டம்பரில் ஆரம்பித்து 1985 டிசம்பர் வரை சனிக்கிழமை காலைகளில் வந்தது. மூன்று சீசன், மொத்தமே 27 கதை. படம் வரைந்தது ஜப்பானின் டோயி நிறுவனம். அப்பா ஓஹியோவில் ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆராய்ச்சிப் படிப்புக்காக இருந்த வருடங்களும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. நானும் அக்காவும் முதல் இரண்டு சீசனை அங்கே பார்த்தோம்.

தெரியாதவர்களுக்குக் கதை: ஆறு பிள்ளைகள் பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு ரைடில் ஏறுகிறார்கள். வண்டி உள்ளே போனதும் வேறொரு உலகத்தில் போய் விழுகிறார்கள். எதிரே ஐந்து தலை டிராகன், தியாமத். ஓடி ஒளியக்கூட நேரமில்லை, குள்ளமாக ஒரு தாத்தா வந்து ஆளுக்கொரு ஆயுதம் தருகிறார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். ஹேங்குக்கு ஒளி அம்பு எய்யும் வில், எரிக்குக்குக் கேடயம், டயானாவுக்குக் கோல், பிரெஸ்டோவுக்கு எதை எடுக்கப் போனாலும் வேறெதோ வரும் மந்திரத் தொப்பி, ஷீலாவுக்குப் போர்த்தினால் ஆளே தெரியாத அங்கி, அவள் தம்பி பாபிக்குக் கதாயுதம். கூடவே யூனி என்று ஒரு ஒற்றைக் கொம்புக் குதிரைக்குட்டி. இந்த ஆயுதங்களைப் பிடுங்க அலையும் வில்லன் வெஞ்சருக்கும் தலையில் ஒற்றைக் கொம்புதான். அவனுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன்தான் அடுத்த வருடம் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஆப்டிமஸ் பிரைம் ஆனார். ஒரே தொண்டையா இது என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

இவ்வளவும் தலைப்புக் காட்சியிலேயே ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு வழி திறக்கும், ஒவ்வொரு வாரமும் யாரையோ காப்பாற்றப் போய் அதைத் தவறவிடுவார்கள். ஊரை விட்டு வந்து, ‘எப்பம்மா திருச்சிக்குப் போவோம்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இது ஏன் பிடித்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. டிராகன் வந்தது, பார்த்தோம், அவ்வளவுதான்.

பார்த்தோம் என்றால் முழுசாகப் பார்க்கவும் இல்லை. வார நாளில் அம்மாவுக்கு நேரம் கிடையாது. இட்லி, தோசைக்கு மாவு அரைப்பது சனிக்கிழமை காலையில்தான். கிரைண்டர் ஏது? கண்ணாடி ஜாடி போட்ட பிளெண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பார். அது ஓட ஆரம்பித்தால் டிவியில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும், பேச்சு ஒன்றும் கேட்காது. டன்ஜன் மாஸ்டரோ எதையும் நேராகச் சொல்லும் ஆள் இல்லை, விடுகதைதான் போடுவார். அவர் வாயைத் திறக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் உளுந்து உள்ளே விழும். அக்கா சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, ‘அம்மா, ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்!’ என்று கெஞ்சுவாள். அதற்குள் கிழவர் ஏதாவது ஒரு பாறைக்குப் பின்னால் நடந்துபோய் மறைந்துவிடுவார். விடுகதை தெரியாமலேயே விடையை மட்டும் பார்த்த பார்வையாளர்கள் நாங்கள்.

1985 கோடையில் அப்பாவின் படிப்பு முடிந்து திருச்சிக்கு வந்துவிட்டோம். மூன்றாவது சீசன் அந்த செப்டம்பரில்தான் தொடங்கியது. இங்கே அப்போது தூர்தர்ஷன் மட்டும்தான். அதில் இந்தக் கதையெல்லாம் எங்கே? அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போனார்களா இல்லையா என்று தெரியாமலேயே வளர்ந்தேன். அமெரிக்கப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று ஒரு வருத்தம் அடிமனதில் இருந்துகொண்டே இருந்தது.

2006 டிசம்பரில் பிசிஐ எக்லிப்ஸ் என்ற நிறுவனம் முழுத் தொடரையும் ஐந்து டிஸ்க் பெட்டியாக வெளியிட்டது. அடுத்த வருடம் அங்கிருந்து ஊருக்கு வந்த சித்தப்பா மகனிடம் சொல்லி வரவழைத்தேன். எந்த டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று பிரிக்க ரீஜன் எண் உண்டு: அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1, நம் ஊர் ரீஜன் 5. நல்லவேளை, பர்மா பஜாரில் வாங்கிய பிளேயருக்கு இந்த ரீஜன் கட்டுப்பாடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

முன்னே சொன்ன வசதி இதுதான். பெட்டியில் இருந்த 27 கதையில் 21 நான் பார்த்த காலத்தவை, கடைசி ஆறும் எனக்குப் புத்தம் புதுசு. அதே வரைகலை, அதே குரல்கள், ஆனால் எந்த ஞாபகமும் ஒட்டாத ஆறு கதைகள்.

முதலில் பழசைப் போட்டேன். தலைப்பு இசை வந்ததும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. கூடவே கண்ணில் பட்டவை: ஒரே ஓட்டக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள், வாய் ஒரு பக்கம் அசைகிறது வசனம் ஒரு பக்கம் வருகிறது. முதல் சீசனில் பல கதைகள், இன்றைக்குப் பார்த்தால், மூன்று வரியில் சொல்லி முடித்துவிடலாம். விடுகதைகளை முதல் முறையாக முழுசாகக் கேட்டேன். அக்கா கெஞ்சிய கெஞ்சலுக்கு அவை தகுதியானவை இல்லை என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எரிக் விஷயமும் உறுத்தியது. எப்போதும் முணுமுணுப்பவன், கோழை, பணக்கார வீட்டுப் பையன். ‘இது பொறி, போகாதீர்கள்’ என்று அவன் சொல்வது பல தடவை சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கடைசியில் அசடு வழிய வேண்டியவன் அவன்தான். இதற்குக் காரணம் பிற்பாடு தெரிந்தது. தொடரின் ஆரம்ப வடிவத்தை எழுதிய மார்க் எவனியர் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெற்றோர் குழுக்களும் சேனலின் ஆலோசகர்களும் குழந்தைகள் நிகழ்ச்சியில் நல்ல பாடம் இருந்தாக வேண்டும் என்று அழுத்தினார்கள். அவர்கள் கண்ட பாடம்: கூட்டம் சொல்வதே சரி, குறை சொல்பவன் தப்பு. அந்தப் பாடத்துக்கு ஒரு பலியாடு வேண்டும் என்பதற்காகவே எரிக். எவனியருக்கே அதில் உடன்பாடு இல்லை. எட்டு வயதில் நான் எரிக்கைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது மீட்டிங்கில் வாயைத் திறக்கும்போதெல்லாம் நானே எரிக்தான்.

அதற்காகப் பழைய கதை எல்லாமே சுமார் என்று இல்லை. இரண்டாவது சீசனில் ‘டிராகன்களின் இடுகாடு’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு கதை வரும். மைக்கேல் ரீவ்ஸ் எழுதியது. வீட்டுக்குப் போகும் வழியை வெஞ்சர் இன்னொரு தடவையும் கெடுத்துவிட, பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஓடியது போதும், அவனை நாமே தீர்த்துக்கட்டுவோம் என்று கிளம்புகிறார்கள், அதுவும் தியாமத்திடமே உதவி கேட்டு. கடைசியில் வெஞ்சர் அசைய முடியாமல் கிடக்க, ஹேங்க் வில்லை வளைத்துக் குறி வைத்து நிற்கிறான். எய்வானா? நான் கதை சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை காலையில், மார்ஷ்மெல்லோ மிதக்கும் பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கொலை செய்யலாமா என்ற கேள்வியை வைத்தார்கள் என்பதே பெரிய விஷயம். இது ஞாபகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

பிறகு பார்க்காத ஆறு. இங்கேதான் பரீட்சை. மயிர்க்கூச்செறிதல் இல்லை, மாவு வாசனை இல்லை. ஒரு பழைய கார்ட்டூனை முப்பது வயது ஆள் முதல் தடவை பார்க்கிறான், அவ்வளவுதான். இரண்டைப் பாதியில் ஓட்டிவிட்டேன். ஆனால் ‘தொலைந்த காலம்’ என்பது போலத் தலைப்பு வைத்த ஒன்று நிமிர்ந்து உட்கார வைத்தது. வெஞ்சர் பூமியின் வேறு வேறு காலங்களிலிருந்து ஆட்களைக் கடத்துகிறான். அதில் ஒருவன் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானி. அவனிடம் பிற்காலத்துப் போர் விமானம் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால் போரின் முடிவே மாறும், இந்தப் பிள்ளைகள் பிறக்கவே மாட்டார்கள் என்பது வெஞ்சரின் கணக்கு. நாஜி என்றால் சுட்டுத் தள்ள வேண்டிய பொம்மை என்று விட்டுவிடாமல், அந்த விமானியை யோசிக்கத் தெரிந்த மனிதனாகக் காட்டியிருந்தார்கள். சிறுவனாக இருந்து பார்த்திருந்தால் விமானத்தை மட்டும் பார்த்திருப்பேன்.

ஆக, பழசில் எனக்குப் பிடித்தவற்றில் பெரும்பகுதி கார்ட்டூனுடையது இல்லை, ஓஹியோ வீட்டினுடையது. ஆனால் மிச்சம் இருப்பது நிஜமாகவே கார்ட்டூனுடையது. பார்க்காத ஆறு இல்லாவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது.

சரி, வீட்டுக்குப் போனார்களா? கடைசிக் கதையையும் போட்டேன். போகவில்லை. முடிவே இல்லை! நான்காவது சீசனுக்கு அனுமதி வரவில்லை, தொடர் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் எனக்கு மட்டும் கிடைக்காமல் போனது என்று நினைத்த முடிவு எந்த அமெரிக்கப் பிள்ளைக்கும் கிடைத்திருக்கவில்லை. அற்பத்தனம்தான், ஆனால் எனக்கு ஒரு நிம்மதி.

பிரேசில்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். அங்கே இந்தத் தொடர் அமெரிக்காவைவிடப் பெரிய வெற்றி. ‘கவெர்னா தோ திராகாவ்’ என்ற பெயரில் வருடக்கணக்காக மறுஒளிபரப்பு. முடிவு தெரியாமல் தவித்து ஆளாளுக்குக் கதை கட்டினார்கள்: பூங்கா விபத்தில் பிள்ளைகள் அன்றே செத்துவிட்டார்கள், அந்த உலகம்தான் நரகம், டன்ஜன் மாஸ்டரும் வெஞ்சரும் ஒரே ஆள், யூனிதான் உளவாளி! வதந்தி அடங்காமல், ரீவ்ஸே அப்படி எதுவும் இல்லை என்று மறுக்க வேண்டியதாயிற்று. 2019-இல் அங்கே ரெனோ கம்பெனி க்விட் காருக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. நிஜ நடிகர்களை அதே வேஷத்தில் போட்டு, காரில் ஏற்றி ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நம் தெருவில் நிற்கிறதே, அதே க்விட்தான்.

உண்மையில் ஒரு முடிவு எழுதப்பட்டிருந்தது. ‘ரெக்வியம்’ என்ற பெயரில் ரீவ்ஸ் எழுதிய திரைக்கதை, படமாகவே இல்லை. பின்னாளில் அவரே அதை இணையத்தில் போட்டார். 2006 பெட்டியில் அதை ஒலி நாடகமாகச் சேர்த்திருந்தார்கள். நான் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்டேன். வெஞ்சர் டன்ஜன் மாஸ்டரின் மகன் என்பது உறுதியாகிறது, அவன் மனம் திருந்துகிறான், பிள்ளைகளுக்கு வீட்டு வழி திறக்கிறது. போகலாம், அல்லது இங்கேயே இருந்து இன்னும் கெட்டவர்களை எதிர்க்கலாம், உங்கள் இஷ்டம் என்கிறார் கிழவர். எதைத் தேர்ந்தார்கள் என்று சொல்லாமலேயே நாடகம் முடிகிறது. அடுத்த சீசன் கிடைத்தால் தொடரலாம், கிடைக்காவிட்டால் இதுவே முடிவு என்று இரண்டுக்கும் பொருந்த எழுதியது.

அக்காவிடம் போனில் சொன்னேன். ‘போயிருப்பாங்கடா, பின்னே? அங்கேயே கிடந்து என்ன பண்ணுவாங்க?’ என்றாள். அவள் இப்போது இருப்பது டெக்சாஸில்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிசிஐ 2008 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. அடுத்த வருடம் மில் கிரீக் நிறுவனம் மூன்று டிஸ்க்கில் மலிவாக மறுபடியும் போட்டது. அதில் 27 கதையும் உண்டு, ஆனால் பழைய பெட்டியின் கூடுதல் விஷயங்களில் பெரும்பாலானவை கிடையாது. ஞாபகத்துக்காக மட்டும் என்றால் அதுவே போதும். என்னைப் போல முடிவு தெரியாமல் தவித்தவர் என்றால், விலை கூடினாலும் பழைய ஐந்து டிஸ்க் பெட்டியைத் தேடிப் பிடியுங்கள். பார்க்கும்போது முதல் டிஸ்க்கிலிருந்து வரிசையாகப் போகாமல், ஹேங்க் வில்லை வளைத்து நிற்கும் அந்தக் கதையில் ஆரம்பியுங்கள்.