பையன் காய் தொடுவதில்லை: சத்துமாவு டப்பா வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. தயிர்சாதம், பிஸ்கட், சிப்ஸ் தவிர எதையும் சாப்பிடமாட்டான். “அவன் அப்பாவும் இப்படித்தான், ரத்தத்திலேயே இருக்கு” என்கிறார் மாமியார். எங்கள் குடியிருப்பில் இலவசமாக எடை பார்த்த ஆலோசகர், எடை குறைவு என்று சொல்லி ஒரு சத்துமாவு டப்பாவை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வாங்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. புது உணவைக் கண்டு மிரளும் சுபாவம் பெருமளவு பிறவியிலேயே வருகிறது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த வயதில் அது தூக்கலாகவே இருக்கும். ஆனால் சிப்ஸ் பாக்கெட் உங்கள் மளிகை லிஸ்ட்டில்தானே வருகிறது? அப்பா பொரியலை ஒதுக்கிவிட்டு அப்பளத்துக்குக் கை நீட்டினால் பையனும் அதையேதான் செய்வான்.

என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். ஒரு ஸ்பூன் பீன்ஸ் பொரியலைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகுதான் பல குழந்தைகள் வாயில் போடும். நாம் மூன்றாம் நாளே “இவனுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், அப்புறம் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது?

சரி, டப்பாவுக்கு வருவோம். எடை போட்டுச் சொல்பவரே சரக்கும் விற்றால் எந்தக் குழந்தைதான் எடை தேறும்? டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் சில பெயர்களிலேயே சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்று விற்கிறார்களே, நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில்தான் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் கடைகளிடம் அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை எடுக்கச் சொன்னது, அதுவும் அறிவுரையாக! பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஆரோக்கியக் குறியீடு போட 2022-இல் விதி வரைவு விட்ட மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் (FSSAI) ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. அங்கன்வாடிக்குக் கூட்டிப் போங்கள். எடை, உயரம் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள், எதையும் தலையில் கட்டமாட்டார்கள்.

நான் சொன்னது பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ், பச்சரிசி என்று எதையாவது தின்கிறானா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதில் பசியே மந்தமாகும், பொரியல் என்ன, பிரியாணி வைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். இரும்புச்சத்து சிரப் கொடுத்தால் எடைக்கேற்ப டாக்டர் எழுதிய அளவு மட்டும். பாலோடு கொடுக்காதீர்கள், இரும்பு சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். பல்லில் கறை படியாமல் வாய் கொப்பளிக்க வையுங்கள். ரத்தம் ஏறிவிட்டது என்று நீங்களே நிறுத்தாதீர்கள், உடம்பின் இருப்பு நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் தேவைப்படும். பாட்டிலை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.