கூட வேலை செய்பவருக்கு வீடு விட்டாலும் ஒப்பந்தம் வேண்டுமா?

வேண்டும். வாடகை ஒப்பந்தம் என்பது வாடகை, அட்வான்ஸ், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்வது ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடும் தாள். ஓசூர் சிப்காட்டில் ஒரே ஷிப்டில் இருப்பவருக்கு வீடு விடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்தானே என்ற தயக்கம்.

உண்மையில் தெரிந்தவரிடம்தான் பணம் கேட்பது கஷ்டம். தேதி பத்து ஆகியும் வாடகை வரவில்லை, கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். கேட்க வாய் வருமா? புரோக்கர் ஆள் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கியதும் பெரும்பாலும் ஒதுங்கிவிடுவார். அப்புறம் நடுவில் நிற்பது அந்தத் தாள் மட்டும்தான்.

அண்ணன் தம்பி நிலத்துக்கு நடுவிலும் வரப்பு போடுகிறோம் அல்லவா? சந்தேகத்தால் இல்லை, தண்ணீர் எதுவரை பாயலாம் என்று இருவருக்கும் தெரிவதற்காக.

சாவி கொடுக்கும் அன்றே மின் மீட்டரைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சமையலறைக் குழாய் ஏற்கெனவே சொட்டினால் அதையும் எழுதுங்கள். அட்வான்ஸ், வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால், மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது.

11 மாதத்துக்கு எழுதினால் எங்கும் பதிய வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொல்லும் 1908 பதிவுச் சட்டத்தால் வந்த பழக்கம் அது, ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.