உரிமம் புதுப்பிக்க டாக்டர்கள் மறுபடி பரீட்சை எழுதுகிறார்களா?

கேள்வி: ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க டாக்டர்கள் மறுபடி படித்துப் பரீட்சை எழுத வேண்டுமா, இல்லை கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதுமா?

பரீட்சை கிடையாது. உட்கார்ந்தால் போதும். இரண்டாவது வாக்கியத்தை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அப்படி.

நான் தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பொது மருத்துவர். ஐந்தாண்டுக்குள் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளிலேயே இருக்கிறது. சி.எம்.இ. என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துவிடுகிற கணக்கு. நடத்துகிறவர்கள் மாநில மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அதனால் அழைப்பிதழ் கைக்கு வந்ததும் எங்களில் பலரது கண் முதலில் போவது தலைப்புக்கு அல்ல, எத்தனை கிரெடிட், அதாவது இந்த 30 மணிக் கணக்கில் எவ்வளவு சேரும் என்று போட்டிருக்கும் மூலைக்கு. எல்லா மாநில கவுன்சில்களும் இதை ஒரே கண்டிப்புடன் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது வெறும் சடங்குதானே என்று நீங்கள் நினைக்கலாம். பாதி அப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் காலி நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மீதிப் பாதியை எடுத்துச் சொல்லாவிட்டால் அநியாயம்.

எங்கள் ஊர்ப் பக்கம் வயல் அதிகம், பாம்புக்கடியும் அதிகம். ஒரு கூட்டத்தில் வந்த பேராசிரியர் திரையில் எதையும் ஓட்டவில்லை. மேஜை மேல் சில கண்ணாடிச் சோதனைக் குழாய்களை வைத்தார். இரண்டு மில்லி இரத்தத்தை அதில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். இது எல்லோரும் படித்ததுதான். அவர் அழுத்திச் சொன்னது குழாயைப் பற்றி: புதிய, உலர்ந்த கண்ணாடியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். விஷமே ஏறாதவருக்கு விஷமுறிவு ஊசி போட நேரும், அதன் ஒவ்வாமையே ஆளைச் சாய்த்துவிடலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே என்பதையும் அன்று மறுபடி சொன்னார். பாம்பு எடை பார்த்தா கடிக்கிறது? மறுநாளே அவசரப் பிரிவு அலமாரியில் புதுக் குழாய்ப் பெட்டி ஒன்றைத் தனியாக வைக்கச் சொன்னேன்.

காசநோயையும் பாருங்கள். வாரம் மூன்று நாள் மாத்திரை என்றே மனப்பாடம் செய்து வெளியே வந்தவர்கள் நாங்கள். 2017-இல் நாடு முழுவதும் தினசரி மாத்திரைக்கு மாறினார்கள். கல்லூரியை விட்டு வந்த பிறகு புத்தகத்தைத் தொடாத ஒருவருக்கு இதை யார் போய்ச் சொல்வது?

செலவு யாருடையது என்பதில்தான் சிக்கல். மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்று 2009-லேயே விதியில் சேர்த்தார்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய விதிகள், மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கூட்டத்துக்கே போகக் கூடாது என்றன. டாக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது, மருந்தைக் கம்பெனி வைத்த பெயரில் எழுதாமல் அதன் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்ற ஜெனரிக் மருந்து விவகாரமும் சேர்ந்துகொண்டது. அதே மாதம் 23-ஆம் தேதி அனைத்தையும் நிறுத்தி வைத்துவிட்டு, பழைய 2002 விதிகளுக்கே திரும்பினார்கள். கம்பெனிப் பணம் வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஹால் வாடகையை யார் கட்டுவது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் வேறு முறை. அங்கும் ஐந்தாண்டுச் சுற்றுதான். ஆனால் ஆண்டுதோறும் இன்னொரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, இந்த ஆண்டு எதைக் கற்றீர்கள், அதனால் சிகிச்சையில் எதை மாற்றினீர்கள் என்று கேட்பார். நோயாளிகளின் கருத்தும் கோப்பில் சேரும். காகித வேலை கழுத்தை நெரிக்கிறது என்று அங்கேயுள்ள நண்பர்கள் புலம்புகிறார்கள். இருந்தாலும் "எதை மாற்றினீர்கள்" என்ற அந்த ஒரு கேள்வியை நம் புதுப்பிப்புப் படிவத்திலும் சேர்க்கலாம் என்பேன். பரீட்சையை நான் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது அறுவை சிகிச்சை நிபுணரை எம்.பி.பி.எஸ். வினாத்தாள் முன் உட்கார வைத்து யாருக்கும் பயனில்லை. 30 மணியில் பாதியாவது கையால் செய்து பழகும் பயிற்சியாக இருக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: டாக்டரின் மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், அதுவும் 2002 விதிதான். இல்லையென்றால் கேளுங்கள். கடைசியாக எந்த சி.எம்.இ.-க்குப் போனீர்கள் என்றும் கேட்கலாம். சிலர் முறைப்பார்கள். என்னிடம் கேட்டால் குழாய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், வெளியே காத்திருப்பவர்கள்தான் பாவம்.