வாசகர் கேள்வி–பதில்: பார்சிலோனாவைத் தாண்டிய காத்தலோனியா

ஸ்பெயினின் வடகிழக்கு மூலையிலுள்ள காத்தலோனியாவை ஒரு வட்டமாகச் சுற்றிவரும் ‘கிராண்ட் டூர்’ என்னும் சாலைப் பாதையைப் பற்றி இப்பகுதியில் முன்பு சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூன் மாதம் பார்சிலோனா செல்கிறோம். விழா முடிந்த பிறகு பத்து நாள்கள் கையில் இருக்கும். நீங்கள் எழுதிய சுற்றுப்பாதை முழுவதையும் அதற்குள் பார்த்துவிட முடியுமா? – மதுரை வாசகர்

பதில்: வண்டியை ஓட்டி முடித்துவிடலாம், பார்த்து முடிக்க இயலாது. இந்தப் பாதை 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. பார்சிலோனாவிலிருந்து தாரகோனா, தாரகோனாவிலிருந்து லேய்டா, அங்கிருந்து பைரனீஸ் மலையடிவாரத்து லா செயு துர்ஜேல், பிறகு ஃபிகேரஸ், கடைசியாக மறுபடியும் பார்சிலோனா என ஐந்து கட்டங்களாக இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் முழுவதையும் சுற்ற முனைந்தால் தினமும் 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும். அதில் கணிசமான பகுதி வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. ஆகவே இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை. நீங்கள் போவது ஜூன் என்பதால், கடைசி இரண்டு கட்டங்களைத் தலைகீழாக, அதாவது பார்சிலோனாவிலிருந்து வடக்கே ஜிரோனா, கடற்கரை, ஃபிகேரஸ், பிறகு உள்நாட்டு எரிமலைப் பகுதி, ரிப்போய், லா செயு துர்ஜேல் என்ற வரிசையில் சென்று, காதி மலைச் சுரங்கப்பாதை வழியாகத் திரும்பலாம்.

ஜிரோனாவுக்கு ஒரு முழு நாள் போதும். அங்குள்ள பேராலயத்தின் உள்மண்டபம் சுமார் 23 மீட்டர் அகலம் கொண்டது. நடுவில் தூணே இல்லாமல் இவ்வளவு அகலமாகக் கட்டப்பட்ட கோத்திக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி) மண்டபம் உலகில் வேறில்லை. ஃபிகேரஸில் ஓவியர் சால்வதோர் தாலி தாமே வடிவமைத்து 1974இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் அடக்கமானதும் அங்கேதான். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் காதாகேஸ் கடற்கரைக்கே போய்விடலாம்.

பலரும் தவறவிடும் இடம் எம்பூரியஸ். கி.மு. 575 வாக்கில் கிரேக்க வணிகர்கள் இங்கே ஒரு குடியேற்றத்தை அமைத்தார்கள். கி.மு. 218இல், ரோமை நோக்கிப் படையெடுத்துச் சென்ற கார்த்தேஜ் தளபதி ஹானிபாலுக்குப் பின்னாலிருந்து வரும் படையையும் பொருளையும் தடுப்பதற்காக ரோமப் படை கரையிறங்கியதும் இதே இடத்தில்தான்; ஐபீரியத் தீபகற்பத்தில் ரோமானியரின் ஆட்சி இந்தக் கரையிலிருந்தே தொடங்கியது எனலாம். கீழே கடலோரத்தில் கிரேக்க நகரத்தின் அடித்தளங்களையும், மேட்டில் மொசைக் தரைகளுடன் ரோம நகரத்தின் எச்சங்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். 1992 ஒலிம்பிக் சுடர் கிரேக்கத்திலிருந்து வந்து ஸ்பெயின் மண்ணைத் தொட இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததன் பொருத்தம் அங்கே நின்றால் விளங்கும்.

இருப்பதிலேயே அதிக நேரம் ஒதுக்க வேண்டியது கரோச்சா எரிமலைப் பகுதிக்கு. ஒலோத் என்ற ஊரைச் சுற்றி ஏறக்குறைய 40 அணைந்த எரிமலைகள் உள்ளன. இவற்றுள் குரோஸ்கத் என்ற குன்றை எரிமலைக் கசடுக்காகப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தார்கள். ஊர்மக்கள் எதிர்த்துப் போராடியதன் பயனாக 1982இல் இப்பகுதி இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. வெட்டப்பட்ட இடத்தை மூடாமல் அப்படியே விட்டிருப்பதால், கறுப்பும் செம்மையும் காவியுமாக அடுக்கடுக்காக எரிமலை தன்னைத்தானே கட்டிக்கொண்ட விதத்தை உள்ளே நடந்து சென்று காணலாம். அதே எரிமலை கக்கிய குழம்பு உறைந்த பாறைமேல்தான் ஜோர்தா பீச் மரக்காடு வளர்ந்திருக்கிறது. சாந்தா மார்கரீதா எரிமலையின் வாய்க்குள் புல்வெளியும் அதன் நடுவே ஒரு சிறு தேவாலயமும் இருக்கின்றன. மாலையில் பெசாலு ஊரின் கோணல்மாணலான இடைக்காலப் பாலத்தைக் கடந்து தங்குமிடத்துக்குத் திரும்பினால் அந்த நாளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

கேள்வி: போயி பள்ளத்தாக்கின் தேவாலய ஓவியங்கள் எல்லாம் இப்போது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் படித்தேன். அப்படியென்றால் நான்கு மணி நேரம் மலையேறிப் போய் வெறும் சுவரையா பார்ப்பது? – கும்பகோணம் வாசகி

பதில்: நியாயமான கேள்வி. எங்கள் பதில், இரண்டையும் பாருங்கள் என்பதுதான். முடிந்தால் அருங்காட்சியகத்தை முதலில்.

பைரனீஸ் மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்ட ரோமனெஸ்க் (தடித்த கற்சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட இடைக்காலப்) பாணிக் கோயில்கள் ஒன்பதை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பெயர்பெற்றது தாவுல் என்ற சிற்றூரின் சாந்த் கிளிமெந்த் கோயில். 1123 டிசம்பரில் அருட்பொழிவு செய்யப்பட்டது. அதன் கருவறை வளைவில், நீலப் பின்னணியில் பெரிய விழிகளுடன் அமர்ந்திருந்த கிறிஸ்துவின் ஓவியமே காத்தலோனியக் கலையின் முகமாக இன்று கருதப்படுகிறது.

அது ஏன் கீழே கொண்டுவரப்பட்டது என்பதை அறிந்தால் உங்கள் ஆதங்கம் பாதி குறையும். 1919 வாக்கில் பழம்பொருள் வணிகர்கள் மலைக்கிராமக் கோயில்களின் சுவரோவியங்களை விலைபேசி வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். மூர் என்ற ஊரின் கோயில் ஓவியம் அப்படித்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டு விழித்துக்கொண்ட பார்சிலோனா அருங்காட்சியக வாரியம், எஞ்சியவற்றைத் தானே விலைக்கு வாங்கி, இத்தாலிய நிபுணர்களைக் கொண்டு 1923க்குள் பெயர்த்தெடுத்தது. ஓவியத்தின் மேல் பசை தடவிய துணியை ஒட்டி, காய்ந்ததும் துணியோடு சேர்த்து வண்ணப்படலத்தை மட்டும் மெல்ல உரித்தெடுக்கும் முறை அது. உரித்ததைச் சுருட்டி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலையிலிருந்து இறக்கினார்கள். மோன்ஜுயிக் குன்றின் மேலுள்ள தேசியக் கலை அருங்காட்சியகத்தில், கோயில் கருவறையின் வளைவையே மறுபடி கட்டி, அதன்மேல் அவற்றைப் பொருத்தியிருப்பதை இப்போது காணலாம்.

இனி, வெறும் சுவருக்கு வருவோம். சாந்த் கிளிமெந்த்தில் 2013 முதல், கருவறைச் சுவரின்மேல் ஒளிப்படிவமாக ஓவியத்தைக் கோடு கோடாக வரைந்து, வண்ணம் ஏற்றி, 1123இல் அது இருந்திருக்கக்கூடிய நிலையில் சில நிமிடங்களுக்குக் காட்டுகிறார்கள். இத்தகைய ஒளிக்காட்சிகள் பெரும்பாலும் கண்ணைக் கூசவைக்கும் வேடிக்கையாகவே முடியும், இது அப்படியல்ல. ஓவியம் மறைந்தபின், பழைய வண்ணத்தின் திட்டுகள் மட்டும் ஒட்டியிருக்கும் கல்லை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். அதோடு, ஆறு அடுக்கு மணிக்கூண்டு பின்னால் நிற்கும் மலைக்கு எதிரே எப்படி எழுந்து நிற்கிறது என்பதை எந்த அருங்காட்சியகமும் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை போனால், ஊர் இளைஞர்கள் எரியும் தீப்பந்தங்களைத் தோளில் சுமந்து இரவில் மலையிலிருந்து வரிசையாக இறங்கிவரும் ‘ஃபாயெஸ்’ விழாவையும் காணக்கூடும். பைரனீஸ் மலை ஊர்களின் இந்தத் தீவிழாக்களை யுனெஸ்கோ 2015இல் தன் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பழமும் ரொட்டியும் தின்றே காலம் தள்ள வேண்டியிருக்குமா? – கோயம்புத்தூர் வாசகி

பதில்: பன்றி இறைச்சியும் கடல் உணவும் கோலோச்சும் ஊர்தான். ஆயினும் காத்தலோனிய சமையலின் அடிப்படை காய்கறி, பருப்புக்கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் ஆகியவையே என்பதால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

காலையிலும் இரவிலும் எங்கும் கிடைப்பது தக்காளி ரொட்டி. இதற்கென்றே ஒரு தக்காளி உண்டு: தோல் தடித்த, சிறிய, கொத்துக் கொத்தாக நூலில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும் வகை. சுட்ட ரொட்டியில் வேண்டுமானால் பூண்டைத் தேய்த்து, தக்காளியைப் பாதியாக வெட்டி, சக்கை மட்டும் கையில் மிஞ்சும்வரை அழுத்தித் தேய்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தின்ன வேண்டும். சில உணவகங்களில் ரொட்டி, தக்காளி, பூண்டு மூன்றையும் தனித்தனியே மேசையில் வைத்துவிடுவார்கள். தேய்க்கும் வேலை உங்களுடையது. தணலில் சுட்டுத் தோலுரித்த கத்திரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ‘எஸ்கலிவாதா’, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு வதக்கிய பசலை, புதுப் பாலாடைக்கட்டியின் மேல் தேன் ஊற்றிய ‘மெல் இ மத்தோ’ ஆகியவை நம் நாவுக்கு அந்நியமாகத் தெரியாதவை.

குளிர்காலத்தில், குறிப்பாக ஜனவரி முதல் மார்ச் வரை செல்பவர்கள் வாய்ஸ் நகரப் பக்கம் போய் ‘கல்சோத்’ விருந்தைத் தவறாமல் உண்ண வேண்டும். வெங்காயத்தை ஒரு முறை விளைவித்து எடுத்து, மறுபடி நட்டு, முளைக்கும் தாள்களைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டே போவதால், மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைத் தண்டு நீண்டு இனிப்பேறுகிறது. கவாத்து செய்த திராட்சைக் கொடிகளை எரித்து, தழல் மேலேயே தண்டுகளைக் கருக்கி, செய்தித்தாளில் பொதிந்து சிறிது நேரம் புழுங்கவிட்டு, கூரை ஓட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பச்சைத் தாளைப் பிடித்து மறு கையால் கருகிய தோலை உருவி எறிந்து, பாதாம், ஹேசல் கொட்டை, சுட்ட தக்காளி, உலர்ந்த செம்மிளகாய், பூண்டு அரைத்த துவையலில் தோய்த்து, அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். கையும் முகவாயும் கரியாகும். யாரும் முகம் சுளிப்பதில்லை. இதற்குப் பின் வரும் ஆட்டிறைச்சியையும் ‘பொதிஃபாரா’ என்னும் பன்றித் தொத்திறைச்சியையும் மட்டும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், சாலட்டில் சூரை மீன் வந்து சேரும். சோற்று வகைகள் பெரும்பாலும் மீன் சாற்றில் வெந்தவை. சாந்தா பாவு ஊரின் அருமையான வெள்ளை அவரை விதைகளையும் பன்றிக் கொழுப்போடு சமைப்பதே வழக்கம். ‘இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், பன்றித்துண்டும் வேண்டாம்’ என மூன்றையும் தனித்தனியே சொல்வது உத்தமம். மதிய உணவு ஒன்றரை மணிக்கு முன்பும், இரவு உணவு எட்டரைக்கு முன்பும் கிடைப்பது அரிது.

கேள்வி: குழந்தைகளை உச்சியில் ஏற்றும் மனிதக் கோபுரங்களைப் படத்தில் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அதை ரசிக்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: பதற்றம் இயல்பு. விபத்தே நேராத விளையாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தைகள் தலைக்கவசம் அணிந்தே ஏறுகிறார்கள். அடித்தளத்தில் நெருக்கமாக அணைத்து நிற்கும் நூற்றுக்கணக்கானவர்கள் கோபுரத்தைத் தாங்குவதோடு, விழுபவர்களைத் தாங்கும் மெத்தையாகவும் இருக்கிறார்கள். இடுப்பில் இறுகச் சுற்றிய கறுப்புத் துணி முதுகுக்குப் பலம், மேலே ஏறுபவரின் காலுக்குப் படி. உள்ளே இருப்பவர்களால் மேலே நடப்பதைப் பார்க்க முடியாது. கிராய்யா என்னும் குழலின் இசை மாறுவதை வைத்தே கோபுரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிகிறார்கள். உச்சியில் குழந்தை கையுயர்த்தினால் வேலை பாதிதான் முடிந்தது. குலையாமல் இறங்கினால்தான் முழு வெற்றி. வாய்ஸ் இக்கலையின் தொட்டில். ஆகஸ்ட் 30இல் விலாஃபிராங்காவிலும், செப்டம்பர் 23 ஒட்டித் தாரகோனாவிலும் நடக்கும் ஊர்த்திருவிழாக்களில் நேரில் பாருங்கள். பார்த்தபின் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கேள்வி: முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்கிறேன். மலை அவர்களுக்கு எட்டாக்கனியா? – சேலம் வாசகி

பதில்: இல்லை. நூரியா பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. 1931 முதல் ஓடும் பல்சக்கர ரயில் 12.5 கிலோமீட்டரில் 1,000 மீட்டருக்கும் மேல் ஏறி, ஏரிக்கரையிலேயே இறக்கிவிடும். மோன்செராத் மடாலயத்துக்கும் இதுபோன்ற ரயிலும் தொங்கு ஊர்தியும் உண்டு. பொப்லெத் மடமும் அவர்களுக்கு ஏற்றது: 12ஆம் நூற்றாண்டில் எழுந்த சிஸ்டர்சியத் துறவியர் மடம், அரகோன் மன்னர்களின் கல்லறைகள் உள்ள இடம், சமதளம். ஜிரோனாப் பேராலயத்தின் நீண்ட படிக்கட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்து அங்கே கார் ஓட்டலாமா? சுங்கக் கட்டணம் அதிகமா? – திருப்பூர் வாசகர்

பதில்: உரிமத்தோடு, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடு. முதல் நாள் நகருக்குள் ஓட்டாமல், தாரகோனா அல்லது ஜிரோனா வரை ரயிலில் போய் அங்கே வண்டி எடுப்பது புத்திசாலித்தனம். கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஏ.பி.7 நெடுஞ்சாலையிலும் லேய்டா பக்கம் போகும் ஏ.பி.2 சாலையிலும் 2021 செப்டம்பர் முதல் சுங்கம் இல்லை. காதி சுரங்கப்பாதை போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. பெனதேஸ் பகுதியில் காவா என்னும் நுரைக்கும் திராட்சை மதுவின் கிடங்குகளைச் சுற்றிப் பார்க்கும் எண்ணமிருந்தால், அன்றைக்கு மட்டும் காரை விட்டுவிட்டு பார்சிலோனாவிலிருந்து சாந்த் சாதுர்னிக்கு உள்ளூர் ரயிலில் போய் வாருங்கள்.