திரைக்குள் ஒளிந்த பட்டன்கள்: கார் கேள்வி-பதில்

கேள்வி: டாடா என்றால் இரும்பு, மாருதி என்றால் தகரம் என்கிறார் என் மாமா. குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறோம். எந்த பிராண்டை நம்பலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பிராண்டை விடுங்கள், மாடலைப் பாருங்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் சோதித்தபோது டாடா நானோவுக்கும் பூஜ்யம், ஏர்பேக் இல்லாத மாருதி ஸ்விஃப்டுக்கும் பூஜ்யம். அதே டாடாவின் நெக்ஸான் 2018இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே மாருதியின் டிசையர் 2024இல் ஐந்து வாங்கியது. 2023இலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. உங்கள் மாடலுக்கு என்ன மதிப்பெண், சோதித்தது எந்த வேரியன்ட் என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். கதவைச் சாத்தி "டம்" என்று சத்தம் கேட்பதெல்லாம் சோதனை ஆகாது.

கேள்வி: டயரில் நைட்ரஜன் நிரப்பச் சொல்கிறார்கள். அவசியமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கேள்வி: பெரிய டச் ஸ்க்ரீன் உள்ள டாப் வேரியன்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல். எனக்கு ஆசை. மனைவி பட்டன் உள்ளதே போதும் என்கிறார். (வாசகர், கோவை)

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நான் ஆறு வருஷத்துக்கு முன் திரையின் அழகில் மயங்கி ஒரு கார் வாங்கினேன். ஏசி, விசிறி, காற்று போகும் திசை எல்லாம் திரைக்குள். ஒரு ராத்திரி உளுந்தூர்பேட்டை தாண்டும்போது நல்ல மழை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்துவிட்டது. அதைப் போக்கும் பட்டனைத் திரையில் தேடிவிட்டு நிமிர்ந்தால், எதிரே பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர். பிரேக் பிடித்ததால் பிழைத்தோம். பின்சீட்டில் என் அம்மா இருந்தார். அந்தக் காரை நஷ்டத்துக்கு விற்றேன், வருத்தமே இல்லை.

100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. 2022இல் ஸ்வீடனின் வி பிலேகரே பத்திரிகை 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சோதனை செய்தது. ஏசி, ரேடியோ போன்ற நாலு வேலைகளைப் பட்டன்கள் உள்ள 2005ஆம் வருஷத்து வால்வோவில் 10 நொடியில் முடித்தார்கள். திரையை நம்பிய ஒரு புதுக் காரில் 44.6 நொடி ஆனது. அதற்குள் கார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது! விரல் தானாகத் தேடிப் பிடிக்கும் திருகுக்குப் பதிலாகக் கண்ணைப் பிடுங்கும் கண்ணாடிப் பலகையை வைத்துவிட்டு அதை நவீன டிசைன் என்று விற்கிறார்கள். செலவு அவர்களுக்கு மிச்சம், ஆபத்து நமக்கு. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்ட் விளக்கு ஆகியவற்றுக்குத் திரைக்கு வெளியே தனிப் பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, ஐரோப்பாவில் கார்களைச் சோதிக்கும் யூரோ என்கேப் 2026இலிருந்து விதி வைத்திருக்கிறது. ஷோரூமில் வண்டி நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு விசிறியைக் கூட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த வேரியன்ட் வேண்டாம்.

கேள்வி: சீட் பெல்ட் அலாரத்தை அடக்கும் கிளிப் முன்பு ஆன்லைனில் கிடைத்தது. இப்போது எங்கே கிடைக்கும்? (வாசகர், சேலம்)

பதில்: சொல்ல மாட்டேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தலையிட்டு 13,118 விற்பனைப் பக்கங்களை எடுக்கவைத்த பொருள் அது. ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்துதான் உயிர் காக்கும். பெல்ட் போடுங்கள், பின்சீட்டில் இருப்பவர்களையும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய காரை புரோக்கரிடம் விற்று எட்டு மாதமாகிறது. ஆர்.சி. இன்னும் என் பெயரில். அபராத மெசேஜ் எனக்கே வருகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30ஐ நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். நானும் ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டு ஏழு மாதம் அலைந்தேன். அபராதம் சின்ன விஷயம். அந்தக் கார் யார் மேலாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. இன்றைக்கே விற்ற தேதியையும் வாங்கியவர் விவரத்தையும் எழுதி ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலோடு போலீஸிலும் புகார் கொடுங்கள். விற்ற 14 நாளுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கேள்வி: ஒன்பது லட்சத்துக்குப் புதுக் கார் எடுத்தேன். நாலாவது மாதம் பாடி ஷாப்பில் கருவி வைத்துப் பார்த்து, இடது கதவு ஏற்கெனவே டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தது என்றார்கள். டீலர் இரண்டு சர்வீஸ் இலவசம் என்கிறார். (வாசகி, கடலூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. புது வண்டிக்குப் பூஜை போடுகிற அன்று யாரும் பெயின்ட் கனத்தை அளக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் விற்றிருக்கிறார்கள். இலவச சர்வீஸை ஏற்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாடி ஷாப்பில் அளவுகளை எழுத்தில் வாங்கி, படம் எடுத்து, டீலருக்கும் கம்பெனிக்கும் மெயில், ஸ்பீட் போஸ்ட் இரண்டும் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதியுங்கள். பதில் சரியில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அதுவரை அந்தக் கதவை யாரும் தொட்டு வேலை செய்ய விடாதீர்கள்.