கேளுங்கள், சொல்கிறேன்: இந்தக் காற்றுக்கு என்ன வயசு?

(யுரேனியச் சுரங்கங்களில் 26 ஆண்டுகள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் யுரேனியச் சுரங்கத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேரப்போகிறான். பாறையைத் தொட்டாலே ஆபத்து என்கிறார்கள். நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: முகமூடி கொடுங்கள் அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். சாதாரணத் தரமுள்ள தாதுவைக் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அந்தக் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காருவதுதான் வம்பு. அதைவிடப் பெரிய விஷயம் மூச்சுக்காற்று. பாறையிலிருந்து ரேடான் வாயு கசிந்துகொண்டே இருக்கும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உள்ளே இழுத்த ரேடானில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடும். அது சிதைந்து பிறக்கும் பொலோனியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கிவிடும். இவை பெருகுவதற்கு நேரம் வேண்டும். காற்று ஒரே இடத்தில் ஓரிரு மணி நேரம் தேங்கினால் போதும், நிறைந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டிலும், "இந்தக் காற்றுக்கு என்ன வயசு?" என்று கேட்பேன். பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒருமுறை பாறை வெட்டும் ஒரு முகப்பில் ரேடான் அளவு ஒரே இரவில் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கருவியைத் திட்டினேன், மாற்றினேன், அதே அளவு. கடைசியில் பார்த்தால், டிராலி நிற்காமல் போவதற்காக, காற்றைச் சரியான வழியில் திருப்பிவிடும் காற்றுக்கதவுக்கு யாரோ பலகை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்! நல்ல காற்றெல்லாம் குறுக்குவழியில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பலகையை எடுத்தோம், சாயங்காலத்துக்குள் அளவு இறங்கிவிட்டது. ஓய்வுபெறும்வரை அந்தப் பலகை என் மேசைக்கு அடியில்தான் கிடந்தது.

உங்கள் மகனுக்கு மூன்று சொல்லுங்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை லாக்கரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. தன் உடம்பு வாங்கிய கதிர்வீச்சுக் கணக்கைத் தானே கேட்டு வாங்க வேண்டும்: சர்வதேசப் பரிந்துரைப்படி ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (அந்தக் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. அதில் ரேடான் கணக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும், சாதாரண பேட்ஜ் அதை அளக்காது. மூன்றாவது, சிகரெட். ரேடானும் புகையும் சேர்ந்தால் நுரையீரலுக்குத் தனித்தனிக் கெடுதியைவிட அதிகக் கெடுதி.

கேள்வி: யுரேனியத்தைத்தான் பிரித்து எடுத்துவிடுகிறார்களே, மிச்சச் சேற்றை ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

பதில்: யுரேனியம் போனாலும் தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்தச் சேற்றிலேயே இருக்கும். அதிலுள்ள தோரியம்-230 பாதியாகக் குறைய 75,000 ஆண்டுகள், ரேடியம்-226-க்கு 1,600 ஆண்டுகள். 1979 ஜூலையில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சர்ச் ராக் என்ற இடத்தில் கழிவுக்குட்டையின் கரை உடைந்தது. 1,000 டன்னுக்கு மேல் கழிவும் சுமார் 35 கோடி லிட்டர் அமில நீரும் நவாஹோ பழங்குடியினர் வாழும் பகுதி வழியே ஆற்றில் ஓடின. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த மூன்று மைல் தீவு அணுஉலை விபத்தை உலகமே பேசியது. இதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

மூடும்போது மேலே களிமண் போர்த்துவார்கள். ரேடானை என்றைக்குமாகப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. 3.8 நாளில் அது பாதியாகிவிடும். களிமண்ணுக்குள் சில வாரம் தாமதப்படுத்தினால் அங்கேயே சிதைந்துவிடும். மூடும் செலவை முன்பணமாக வாங்கிவைக்காவிட்டால் யார் தலையில் விழும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கங்கள் சாட்சி. 1990-க்குப் பிறகு அங்கே துப்புரவுக்கு அரசுப் பணம் 600 கோடி யூரோவுக்கு மேல் போயிருக்கிறது.

கேள்வி: சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்பது?

பதில்: தோண்டுவதற்கு முன்பே உங்கள் கிணற்று நீர், மண், காற்று அளக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள் ஐயா. அந்த அளவைப் பிற்பாடு உருவாக்கவே முடியாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வழி உண்டா என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் ஜாபிலுகா என்ற யுரேனியப் பகுதியில், அந்த நிலத்துக்கு உரிய பழங்குடியினரான மிரார் மக்கள் ஒப்பாமல் சுரங்கம் வராது என்று 2005-ல் நிறுவனமே கையெழுத்திட்டது.

என் முதல் கூட்டத்தில் வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டு என்று படம் போட்டுக் காட்டினேன். ஓர் அம்மாள் எழுந்து, "தம்பி, எங்க கெணத்துல எவ்வளவு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு பாட்டிலில் நீர் எடுத்தோம். ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு, இன்னொன்று அவர் சொன்ன ஆய்வகத்துக்கு. இரண்டு முடிவுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. இரண்டையுமே பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம்.