லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் புனைபெயரில் பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் ஆள் யாரென்றே தெரியாத பெயரில் முடியாது.

2003-இல் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம், தன் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டே ஒவ்வொரு பேட்சின் அடியிலும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற வரி வந்தது: பெயர், மின்னஞ்சல். ‘இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்று கையெழுத்துப் போடுவதுபோல. அதற்கு உண்மைப் பெயர்தான் வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2023-இல் அதை ‘அறியப்பட்ட அடையாளம்’ என்று மாற்றினார்கள். நல்ல முடிவு, மின்னஞ்சலில் யார் அடையாள அட்டையைச் சரிபார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒன்று: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியில் முதல் கமிட்டுக்கு (பதிவுக்கு) முன்பே ‘யூசர்.நேம்’, ‘யூசர்.இமெயில்’ இரண்டையும் பார்த்துவிடுங்கள். புனைபெயரை வைத்துவிட்டு அலுவலக மின்னஞ்சலை மறந்தால், கெர்னல் நிரலை நகல் எடுத்தவர்கள் கணினியிலெல்லாம் அதுவும் போய் உட்கார்ந்துவிடும்.